மஞ்சள் பேருந்தும் மகளின் வாதமும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே அம்மா சுகம், அவள் குரல் அதைவிடச் சுகம். நானும் சுகம் என்று எழுதப் போனேன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து “பொய் எழுதாதீங்க, முதுகப் பத்தி எழுதுங்க” என்கிறாள். எழுதுகிறேன். காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முதுகு சம்மதிப்பதில்லை, குளித்து முடித்த பிறகுதான் சமாதானத்துக்கு வருகிறது. டாக்டர் சொன்னதில் மாற்றம் இல்லை, இனி ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாதாம். பஸ் டெப்போவில் இப்போதைக்குப் பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்கள் இருக்கும் அறையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். குடைகளுக்கு நடுவில் நானும் ஒரு குடை, யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள் போல இருக்கிறது.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடுகிறது. அன்றைக்கு நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். “அப்பா, சூப்பர்வைசர் பரீட்சைய உங்ககூட எழுதின சின்னவங்க எல்லாரும் பாஸ். நீங்களும் மீசை மாமாவும் மட்டும்தான் பெரியவங்க, நீங்க ரெண்டு பேர் மட்டும்தான் ஃபெயில். அதனால இது வயசு சம்பந்தப்பட்டதுப்பா. மறுபடி எழுதி மனச நோகடிச்சுக்க வேண்டாம், வேலைய விட்டுட்டு அம்மாவக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுங்க” என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன், “நீ மட்டும் என்ன, லைசென்ஸ் மூணாவது தடவைலதான வாங்கின” என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, பேசாமலே திட்டத் தெரிந்தவள் அவள். நான் சொன்னது தப்பு மட்டுமில்லை, தப்பான விடையும்கூட. நீ லைசென்ஸ் எடுத்தபோது சின்னப்பெண். வயதைப் பற்றிய உன் வாதத்தை அது தொடவே இல்லை, உன்னைத்தான் குத்தியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு உன் பழைய புத்தகத்தில் பாதி தேவைப்பட்டது.

ஆமாம், பரணிலிருந்து நீ வேலைக்குப் படித்த பரீட்சைப் புத்தகத்தை இறக்கிவிட்டேன். சூப்பர்வைசர் தேர்வில் என்னைக் கவிழ்த்தது கணக்கும் இல்லை, சாலை விதியும் இல்லை, ‘கீழ்க்கண்டவற்றில் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது’ என்ற பகுதிதான். அதில் ஒரு கேள்வி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பேருந்துக் கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்தது, அந்த வருடம் விபத்து குறைந்தது, அதனால் மஞ்சள் நிறம்தான் விபத்தைக் குறைத்தது என்று வாதம். விடைகளில் ஒன்று, ஓட்டும்போது டிரைவருக்குத் தன் வண்டியின் நிறம் கண்ணில் படாது என்பது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எவ்வளவு சரி, வாழ்நாளெல்லாம் ஓட்டியவன் நான், என் வண்டி நிறத்தை ஓட்டும்போது ஒரு நாளாவது பார்த்திருக்கிறேனா என்று அதையே குறித்துவிட்டு வந்தேன். முடிவு வந்த பிறகு பயிற்சி அதிகாரியம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, “சார், நீங்க சீட்ட விட்டு எறங்கவே மாட்டீங்களா? எதிர்ல வர்றவன் பாப்பான்ல உங்க வண்டிய” என்றார். சரியான விடை, அதே வருடம் எல்லா வண்டிக்கும் புது பிரேக் போட்டார்கள் என்பது. விபத்து குறைந்தது உண்மைதான், ஆனால் காரணம் பெயிண்டா பிரேக்கா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டதல்லவா, அதுதான் பலவீனப்படுத்துவதாம். சொன்ன விஷயத்தைப் பொய் என்று மறுக்கக் கூடாது, சொன்னவனைத் திட்டக் கூடாது, ‘அதனால்’ என்று ஒரு தாவு தாவுகிறார்களே, அந்த இடத்தில் பலகை சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு உன் வாதத்தையே வீட்டில் கேள்வியாக வைத்தேன். உன் தாய்மாமா வந்திருந்தார், “அவ என்ன ஜட்ஜா, தீர்ப்பு சொல்றதுக்கு?” என்றார், அது ஆளைத் திட்டுவது, தள்ளுபடி. கீழ்வீட்டுத் தையல்காரர், “பரீட்சையே மோசடிங்க, ஆள முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க” என்றார். ஆதாரம் இல்லாமல் வேறொரு புகாரைக் கொண்டுவருகிறார், ஊசியில் நூல் கோக்காமலே தைக்கிறார், அதுவும் தள்ளுபடி. “எங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்” என்று அம்மா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அவள் சொல்லவே இல்லை. கடைசியில் எனக்கே தோன்றியது. சின்னவர்கள் பாஸ், பெரியவர்கள் ஃபெயில், இரண்டும் உண்மை. ஆனால் அந்தச் சின்னவர்கள் மாதக்கணக்கில் கேண்டீனின் ஒரு மேஜையில் பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேஜையில் நானும் மீசையும் சீட்டாடிக்கொண்டிருந்தோம். இப்போது சொல், தோற்றது வயதா, சீட்டா?

உடனே தலைகால் புரியாமல் போய்விட்டது எனக்கு. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சரியாகப் போடுகிறேன், அதனால் பரீட்சையிலும் பாஸ்தான் என்று அம்மாவிடம் அறிவித்தேன். துணி மடித்துக்கொண்டே, “அந்தப் பக்கத்த எத்தன தடவ போட்டாச்சு?” என்றாள். நான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மறுநாள் வழக்கம்போல அவள் கேள்வி வாசிக்க, பாதியிலேயே நான் “சி” என்றேன். இன்னொன்று, “பி” என்றேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “விடைங்கள நான் மாத்தி மாத்திப் படிச்சேன். நீங்க சொன்ன சி என்ன தெரியுமா, தக்காளி பாக்க அழகா இருக்கும்ங்கறது. மனப்பாடம் ஆயிருக்கு, வேற ஒண்ணும் ஆகல” என்றாள். என் வாதம் அங்கேயே படுத்துவிட்டது. புத்தகம் படிக்காமலே அவளுக்கு அந்த ‘அதனால்’ எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் பழகியிருக்கிறாள் அல்லவா.

அதற்காக விட்டுவிடவில்லை. பயிற்சி அதிகாரியம்மாவிடம் நான் கண்ணால் பார்க்காத பழைய தாள் ஒன்றை வாங்கி வந்து, சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா எதிரில் காவல், நடுவில் டீ கேட்டேன், “பரீட்சைல தருவாங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் மட்டும் குடித்தாள். தவறைவிடச் சரி கொஞ்சம் அதிகம், தேறுவதற்கு அது போதாது. தவறானவற்றை மறுபடி பார்த்தால் ஒரு விசித்திரம். வெங்காயம், மருத்துவமனை, மீன் வலை என்று எனக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வியெல்லாம் சரி. பேருந்து, சாலை, பயணி என்று வந்த இடமெல்லாம் தவறு. தெரிந்த விஷயம் வந்தால் தாளில் இருப்பதை விட்டுவிட்டு என் அனுபவத்துக்குப் பதில் எழுதிவிடுகிறேன், இன்னும் சீட்டை விட்டு இறங்கவில்லை. வரப்போகும் தேர்வு டெப்போ தேர்வு, கேள்வியெல்லாம் எதைப் பற்றி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே மகளே, நான் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நீ கூப்பிட்டதில் எனக்கும் அம்மாவுக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை, ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டு உன் வீட்டில் உட்கார எனக்கு இன்னும் காலம் வரவில்லை. எந்த டிரைவருக்கு எந்த வழித்தடம் ஒத்துவரும், யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், யாரை இன்றைக்கு மலைப்பாதைக்கு அனுப்பக் கூடாது என்று பார்க்கும் நாற்காலி சூப்பர்வைசர் நாற்காலி, அதில் உட்கார எனக்கு ஆசை, ஆசைப்படுவதை மறைக்கப் போவதில்லை. மீசை மறுபடி எழுத மாட்டேன், டெப்போ கேட்டில் வாட்ச்மேனாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டான், அவனையும் இழுத்துக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்த்தியிருக்கிறேன், சீட்டுக்கட்டு அம்மாவின் அலமாரியில் பூட்டில் இருக்கிறது. இந்தத் தடவையும் தோற்றால் அது வேறு காரணத்தால் என்று வாதாட மாட்டேன், நீ சொல்லும் நாளில் பெட்டியோடு வந்து நிற்பேன். அதுவரை பெட்டி பரணிலேயே இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காப்பீட்டு அலுவலகத்தில் தினமும் விபத்துக் காகிதங்களைப் பார்க்கிறவள் நீ, இந்தப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவளும் நீ. பேருந்தையும் சாலையையும் வைத்து எனக்குப் புதுக் கேள்விகள் எழுதி அனுப்பு. அப்பா பாவம் என்று எளிதாக எழுதாதே, டிரைவர் படித்தால் சிரித்துக்கொண்டே குறிக்கிற மாதிரி ஒரு தவறான விடையை ஒவ்வொன்றிலும் வை. என்மேல் இன்னும் கோபம் இருந்தால் நல்லது, கேள்வி கடினமாக வரும்.

நீயும் மாப்பிள்ளையும் எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நிறைந்த மனதோடும் நீண்ட ஆயுளோடும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மறக்காமல் சரியான விடைகளைத் தனி உறையில் போட்டு ஒட்டி அம்மா பெயருக்கு அனுப்பு, எனக்கு என்மேலேயே நம்பிக்கை போதவில்லை.

இப்படிக்கு,
சீட்டை விட்டு இறங்கப் பழகும்
உன் அப்பா