பூனையே இல்லை என்று சாதித்த நடுவர்

நோவா இகுவாசு, பிரேசில்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜுசாராவுக்கு,

நானும் அப்பாவும் பூனை ஃபரோஃபாவும் சுகம். மூவரும் சுகம் என்று எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது. லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்று உன் அப்பா முழு கால்பந்து ஆட்டத்துக்கும் நடுவராக விசில் ஊதினார்!

போனில் அரைகுறையாகச் சொன்னதை முழுசாகக் கேள். இருமலுக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தும் குணமில்லை, ஆள் துரும்பாகிவிட்டார், படியேறினாலே மூச்சிரைப்பு, இனி எங்கே மைதானம் என்று நான் அழாத நாளில்லை. வீட்டில் பூனை உண்டா என்று டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம் இந்த மனுஷன் கூசாமல் "இல்லை" என்றிருக்கிறார். மூக்கில் புண்ணோடு தும்மிக்கொண்டிருந்த ஃபரோஃபாவை நெஞ்சில் போட்டுத் தூங்கியவர்! சொன்னால் அதைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். எதிர்வீட்டு நெவுசா வேறு, "அந்த அழுகின மூக்குப் பூனையை சாக்குல கட்டி காலிமனையில வீசுங்க"ன்னு ஓதிக்கொண்டேயிருந்தாள்.

கடைசித் தடவை நானும் உள்ளே போனேன். அவர் கையில் வரிசையாக முளைத்திருந்த கட்டிகளைக் காட்டி டாக்டரம்மா கேட்க, ரோஜா முள் குத்தியது என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "உங்க ரோஜாச்செடிக்கு வாலும் மீசையும் இருக்கா ஐயா"ன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை, "பேரு கூட இருக்கு டாக்டரம்மா"ன்னு போட்டு உடைத்தேன். சளியைச் சோதித்தார்கள், பூனையிடமிருந்து தொற்றிய பூஞ்சைதான், நுரையீரலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. "பூனையைக் கொல்ல வேண்டாம், அதுக்கும் மருந்து இருக்கு"ன்னு அவள் சொன்னதும்தான் மனுஷன் அழுதார் பார்!

ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்றி அனுப்பினார்கள். பிறகு வீட்டில் அவருக்கும் பூனைக்கும் ஒரே மருந்து. நான் கையுறை மாட்டிக் கோழி ஈரலில் கலந்து, தனியாக அடைத்திருந்த பூனைக்கு வைப்பேன், இவர் கம்பிவலைக் கதவுக்கு இப்பால் நாற்காலி போட்டு, "நீ முழுங்குடா, நானும் முழுங்குறேன்" என்பார். இப்போது அதன் மூக்கில் மயிரே முளைத்துவிட்டது.

இன்று அப்பா நெவுசா மகனின் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். "இந்தாளுக்கு நுரையீரலே போச்சுன்னாங்களே!"ன்னு அவள் கத்தினாள். ஆட்டம் முடிந்ததும் அவளைப் பார்த்தபடியே இவர் ஊதிய விசில் நிற்கவேயில்லை, மைதானமே எழுந்து கைதட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நீ அங்கே எடுத்து வளர்க்கும் தெருப்பூனைக்கு ஆறாத புண் கண்டால் கையுறை போட்டு மிருக வைத்தியரிடம் காட்டு, தெருவில் விட்டுவிடாதே. உனக்கு இருமல் வந்தால் டாக்டரிடம் முதலில் பூனையைச் சொல். நீங்கள் இருவரும் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள்.

நாளை டாக்டரம்மாவுக்குக் கொடுக்க அப்பா தொட்டியில் ரோஜாச்செடி வாங்கி வைத்திருக்கிறார். இந்த வீட்டுக்குள் ரோஜா வந்தது இதுதான் முதல் தடவை.

உன் அம்மா,
சுலெய்தே