மெட்ராசில் உனக்குக் கிடைத்த கைதட்டல்

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் முட்டி ஆபரேஷன் முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடக்கப் பழக்க வருகிற பிசியோதெரபிப் பெண் நேற்றுக் காலை ஒரு வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தரையில் கீச்சென்று இழுபடாமல் போக வேண்டுமாம். பழைய டென்னிஸ் பந்து இரண்டைக் கத்தியால் கீறி அதன் பின்கால்களில் மாட்டினாள். கீறியதும் பந்துக்குள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. ரப்பரும் பழைய கம்பளியும் கலந்த வாடை. அதோடு நீயும் வந்து எதிரே நின்றுவிட்டாய்.

"இது டென்னிஸ் பந்து ஆயா. வெளையாடுவாங்க, பாத்திருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"டிவில பாத்திருக்கேம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? உன்னோடு சேர்ந்து ஆடி மெட்ராசில் கோப்பை வாங்கியவள் நான் என்றால், மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று எழுதி வைத்துவிடுவாள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பந்தின் பின்னால் ஓடித் தேய்ந்த முட்டிக்குப் பந்தே காலாக வந்து நிற்கிறது. சிரித்துவிட்டுப் போ. நீ போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதாவது உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குருசுக்குப்பத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். உன் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்த் திரும்பி, மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்குகிறவர். என் அப்பாவுக்கு ஆலையில் வேலை. பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரான்ஸ் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். உன் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு போய்க் குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். என் அப்பா அன்று மதிய ஷிப்டுக்குப் போனார். அப்போது நாம் ஒன்றாம் வகுப்பு. நீ வேறு நாடு, நான் வேறு நாடு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உன் பங்கு இலந்தைவடையை நான் பிடுங்கித்தான் தின்றிருப்பேன்.

சைகோனிலிருந்து வந்த உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ராக்கெட் இருந்தது. நமக்கு இருந்தது அது ஒன்றுதான். ஒரு நாள் நீ ராக்கெட், நான் பலகை. மறுநாள் நான் ராக்கெட், நீ பலகை. பள்ளிக்கூடத்தின் பக்கச் சுவர்தான் நமக்கு வலை, எதிராளி எல்லாம். பலகையால் அடித்தும் நீ என்னை ஓடவைப்பாய். பந்து எங்கே விழப்போகிறது என்று எனக்கு விழுந்த பிறகுதான் தெரியும். உனக்கு அது என் கையை விட்டுக் கிளம்பும்போதே தெரிந்துவிடும். எனக்கு வந்தது உழைப்பு, உனக்கு வந்தது ஆட்டம். இதைச் சொன்னால் அப்போதே கோபித்துக்கொள்வாய், "உழைக்காம எவளுக்குடி வரும்?" என்று.

பதினேழு வயதில் மெட்ராசுக்குப் போய் இரட்டையர் ஆட்டத்தில் ஜெயித்தோம். கோப்பை கொடுத்த கையோடு, இந்திய ஜூனியர் அணிப் பயிற்சிக்கு உன்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். உன்னை மட்டும்தான். பொறாமை இல்லை என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். ஆனால் பொறாமைப்பட்டு முடிப்பதற்குள், பேர் எழுதக் கூப்பிட்ட அறையிலிருந்து நீ வெளியே வந்துவிட்டாய்.

"நான் பிரெஞ்சு பிரஜையாம்டி. இந்தியாவுக்கு ஆட முடியாதாம்."

"அப்ப?"

"அப்ப என்னா, வூட்டுக்குப் போவலாம். பசிக்குது."

பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி சாப்பிட்டாய். அழவில்லை. அந்த வருஷமே உன் சித்தப்பா வீட்டுக்கு, பிரான்சுக்குப் போய்விட்டாய்.

அங்கே நீ பட்டதெல்லாம், வருஷக் கடைசியில் ஊருக்கு வரும்போது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். எந்தச் சின்ன ஊரில் பந்தயம் என்றாலும் ரயிலேறிப் போவாய். ராக்கெட்டுக்கு நரம்பு நீயே கட்டுவாய். தோற்ற அன்று ராத்திரியே அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுவாய். ஒரு தடவை பாரிசின் பெரிய பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம் வரை போய், கை நழுவவிட்டு வந்தாய். மைக்கில் உன் பேரைச் சொல்லிப் பிரான்ஸ் என்பார்களாம். மறுநாள் பேப்பரில் 'அந்த இந்தியப் பெண்' என்று போடுவார்களாம். ஜெயித்தால் மரியாதையாகக் கை தட்டுவார்கள், விருந்தாளிக்குத் தட்டுகிற மாதிரி என்றாய்.

"எங்க போனாலும் நான் அடுத்த வூட்டுப் பொண்ணுடி" என்று சொல்லிவிட்டு, கடல் மணலைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தாய். அப்புறம் சொன்னாய்: "ஒரே ஒருதபா நம்ம சனம் எனக்குக் கை தட்டிக் கேக்கணும். அவ்ளோதான். அப்பறம் இந்தத் தோள் போனாலும் போவட்டும்."

தோள் அப்போதே போய்க்கொண்டுதான் இருந்தது. நீ தலை வாருவதற்கு இடது கையை உபயோகிப்பதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டாலும் நீ சொல்லப் போவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராசில் பெண்களுக்கு ஒரு சர்வதேசப் பந்தயம் வைத்தார்கள். சின்னப் பந்தயம்தான். நீ அங்கே கிடைக்க இருந்த ஆட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு இதற்கு வந்தாய். முதல் சுற்றை யாரும் பார்க்காத ஓரக் கோர்ட்டில் ஜெயித்தாய். அடுத்தது பம்பாய்ப் பெண்ணோடு, நடுக் கோர்ட்டில். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு நான் முதல் நாளே வந்து சேர்ந்திருந்தேன். மறுநாள் காலையில் உன் அப்பா தன் பட்டாளத்துத் தோழர்களோடு தனி பஸ் பிடித்து வருவதாக ஏற்பாடு.

ஆட்டம் ஆரம்பித்தபோது பஸ் வந்திருக்கவில்லை. மைக்கில் உன் பேரும் பிரான்சும் சொன்னார்கள். ஜனம் பம்பாய்ப் பெண்ணுக்குத் தட்டியது. நியாயம்தானே, அவள்தான் இந்தியா. முதல் செட்டின் நடுவில் சுலபமான பந்து ஒன்றை நீ வலையில் அடித்தாய். அடித்துவிட்டு, நம் பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரே நின்று திட்டுவது போலவே உரக்க உன்னையே திட்டிக்கொண்டாய்.

"கண்ண எங்கடி வச்சிகினு ஆடறே, கழுத!"

மைதானம் முழுக்கத் தலைகள் உன் பக்கம் திரும்பின. அப்புறம் சிரிப்பு. "அட, தமிழ்ப் பொண்ணுய்யா இது!" என்று எனக்குப் பின்னால் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "எந்த ஊரும்மா?" என்று இன்னொருவர் கத்தினார். "பாண்டிச்சேரி!" என்று நான் கத்தினேன். அடுத்த பந்தைப் பக்கக் கோட்டை ஒட்டி நீ அடித்ததும் தட்டினார்கள் பார். அது விருந்தாளிக்குத் தட்டுகிற தட்டு இல்லை. வீட்டுப் பெண் பரிசு வாங்கினால் தட்டுகிற தட்டு. "போடு கண்ணு!" என்று ஒரு பெரியம்மா கத்தியது கோர்ட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. நீ என்னைத் தேடிப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்தச் செட் உனக்கு.

இரண்டாவது செட்டில் நீ முன்னால் இருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். திண்டிவனத்தில் டயர் வெடித்ததால் தாமதம். எல்லாரும் கோட்டு போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து வரிசையாகப் படியேறினார்கள். முன்னால் உன் அப்பா. கையில் கொடி. வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி, பிரான்சின் தேசிய தின ஊர்வலத்துக்கு மட்டும் பாச்சை உருண்டை போட்ட பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுக்கிற பிரெஞ்சுக் கொடி. நம் ஊர்ச் சொல்தா வீடுகளில் அதற்கு மேலே ஒரு மரியாதை கிடையாது என்று உனக்கும் எனக்கும் தெரியும். மெட்ராஸ் சனத்துக்கு எப்படித் தெரியும்? அவர் கொடியைத் தலைக்கு மேலே உயர்த்தி, "அலே! அலே!" என்று முழங்கினார். பிரெஞ்சில் 'போடு, போடு' என்கிற மாதிரி. பின்னால் இருந்தவர்களும் முழங்கினார்கள்.

கைதட்டல் நின்றுபோனது.

"அட, ஃபிரான்ஸ் ஆளுங்கப்பா. நம்மாளு அந்தப் பக்கம் ஆடுதே, அதாம்பா" என்றார் பின்னால் நின்றவர், உட்கார்ந்துகொண்டே. யாரோ "இந்தியா! இந்தியா!" என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க அதுதான். பெரியம்மாவும் பம்பாய்ப் பெண்ணைப் பார்த்து "போடு கண்ணு!" என்றாள். உன் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு சத்தத்தில் தங்கள் குரல் உனக்குக் கேட்காதோ என்று இன்னும் பலமாகக் கத்தினார். சிரித்த முகமாக இருந்தார்.

கொடியைச் சுருட்டச் சொல்லலாம் என்று எழுந்து அவர்கள் வரிசைப் பக்கமாக நடந்தேன். நீ அப்போது பக்கம் மாறுவதற்காகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்துவிட்டாய். கையை மட்டும் தாழ்த்தி, உட்காரு என்று காட்டினாய். நான் நகராமல் நின்றேன். மறுபடியும் காட்டினாய். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல என்ன இருக்கிறது? உன் ஒவ்வொரு தப்புக்கும் தட்டினார்கள். தோள் ஒத்துழைக்கவில்லை. சர்வீஸ் போடும்போது நீ பல்லைக் கடிப்பது மேலே வரைக்கும் தெரிந்தது. தோற்றுவிட்டாய். அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்துவிட்டு, நேரே உன் அப்பாவின் வரிசைக்குக் கீழே வந்து நின்று, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாய். "தோத்தும் திமிரப் பாரு" என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். உன் அப்பா பதிலுக்குச் சல்யூட் அடித்தார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர். "தோத்தா என்னாம்மா, மெட்ராஸ்ல நம்ம கொடி பறந்துச்சே!" என்றார்.

திரும்புகிற பஸ்சில் அவர்கள் பாட்டும் கதையுமாக வந்தார்கள். நீ என் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாய், தோளில் ஈரத் துண்டோடு.

"பப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதடி."

"ஏன் சொல்லக்கூடாது? எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்து..."

"அவருகிட்ட இருக்கறதுலயே ஒசத்தி அதான். அத எனக்காக எடுத்துனு வந்துட்டாரு. மடிச்சி வையிங்கன்னு எந்த வாயால சொல்றது?"

பஸ் மதுராந்தகம் தாண்டியது. பிறகு, தூங்கிவிட்டாய் என்று நான் நினைத்தபோது கேட்டாய்.

"மொதல் செட்டுல தட்டுனாங்க இல்ல?"

"தட்டுனாங்க."

"எனக்குத்தானே?"

"உனக்குத்தான்டி."

ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாய். உன் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. முன்சீட்டில் உன் அப்பா அலே, அலே என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதுதான் நீ இந்த மண்ணில் ஆடிய கடைசி ஆட்டம். ஒரு வருஷத்துக்குள் தோள் முழுக்கப் போய், பாரிசுக்கு வெளியே ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனாய். உன் அப்பா சாகும்வரை மெட்ராசில் கொடி பறந்த கதையைக் கடற்கரையில் யாரைப் பார்த்தாலும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று "ஆமாங்க மாமா, நான்தான் பாத்தேனே" என்பேன். நீ கேட்டுக்கொண்டபடி மற்றதைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. அவர் போன அடுத்த வருஷம் உனக்குப் புற்றுநோய் வந்தது. அவர் முந்திக்கொண்டது நல்லதாயிற்று என்று மட்டும் நினைத்தேன்.

கடைசியாக நாம் பேசியபோது நம் ஊரில் ஐ.எஸ்.டி. பூத் வந்திருந்தது. நேரு வீதியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கூண்டு. வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். உன் ஆஸ்பத்திரி அறைக்கு லைன் கிடைத்தது. உன் குரல் நூலாக இளைத்திருந்தது.

"என்னாடி, குரல் கரகரன்னு வருது?"

"ஸ்கூல்ல விளையாட்டு விழா. வெயில்ல நின்னு கத்திக் கத்தி தொண்ட போச்சு."

சிரிக்கப் பார்த்தாய். இருமலாக வந்தது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்.

"அன்னிக்குத் தட்டுனாங்களே, அந்தச் சத்தம் திரும்ப ஒருதபா கேக்கணும்போல இருக்குடி" என்றாய்.

ரிசீவரை அங்கிருந்த பலகையில் வாய் மேலே பார்க்க வைத்தேன். இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தேன். அந்தக் கூண்டுக்குள் அது பெரிய சத்தமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று தட்டினேன். "போடு கண்ணு!" என்று கத்தவும் கத்தினேன். உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தேன்.

"கேட்டுதா?"

"கேட்டுச்சி" என்றாய். "போதும், வை. வெளிய ஆளுங்க நிப்பாங்க."

அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. உன்னை அங்கேயே புதைத்தார்கள். நான் வந்து பார்க்க முடியவில்லை. கல்லில் உன் பேருக்குக் கீழே எந்த ஊர் போட்டிருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று உன்னோடு பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, பூத்துக்கு வெளியே அடுத்ததாக நின்றிருந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நல்ல சேதியாக்கா?"

"ஆமாங்க. நம்ம ஊர்ப் பொண்ணு, அங்க ஜெயிச்சிட்டா."

"அப்படியா! எந்தத் தெருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் அவர் கை தட்டினார். பின்னால் நின்றவர்களும், என்ன ஏது என்று தெரியாமலே தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ரிசீவரை வைத்துவிட்டிருந்தேன். உனக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் இப்போது எழுதிச் சொல்கிறேன்.