மூன்றாவது அணு

ஒஸ்திரியா
04.02.2007

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கௌசலா சுகம். வெளியில் முழங்கால் அளவு பனி. எங்கள் ஆய்வுகூடக் குளிருக்கு முன்னால் அதெல்லாம் வெயில்தான்! லேசர் ஒளியால் அணுக்களைக் குளிரவைத்து, சோம்பேறிகள் மாதிரி அசையவே பஞ்சிப்படும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அப்படியிருந்தும் சண்டை ஓயவில்லை. மூன்று அணுக்கள் மோதினால் இரண்டு சோடி சேர்ந்துகொண்டு மூன்றாவதைத் தூக்கி எறிந்துவிடும். நாள்முழுக்க இந்த வேடிக்கைதான்.

உங்கள் இருவரின் விசாவும் என்ன மாதிரி? இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள்
கௌசலா

உட்துறைமுக வீதி
திருகோணமலை
22.02.2007

அன்பின் கௌசலா,

வாசித்துக் காட்டினேன், வந்தது வினை. "பிள்ளை நேரே சொல்ல ஏலாமல் அணுவின்ர பேரில சொல்லுறாள். மூண்டாவது ஆள் நான்தானே?" என்று மாமி சாம்பல்தீவில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டா. விசா வந்தாலும் தான் வரமாட்டாவாம். ஷெல் சத்தம் கேட்கிற ஊரில் அவவைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவது? உன் அணுக்களிடம் கேட்டுச் சொல்லு.

சிவகுருநாதன்

ஒஸ்திரியா
09.03.2007

அத்தான்,

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உடனே போய் அம்மாவிடம் மிச்சத்தையும் சொல்லுங்கள். தனியே விட்டால் ஒட்டவே ஒட்டாத இரண்டு அணுக்கள் உண்டு. மூன்றாவது வந்தால் மூன்றும் சேர்ந்து நிற்கும். எந்த ஒன்றை எடுத்தாலும் மற்ற இரண்டும் பிரிந்துவிடும். நாங்கள் தேடுவதே அதைத்தான்!

கலியாணம் முடிந்த புதிதில் நீங்கள் பேப்பருக்குள், நான் புத்தகத்துக்குள். ஒரு கதை பேச்சு இல்லை. உங்களைத் தேங்காய் திருவவும் என்னைப் பால் பிழியவும் குசினியில் இருத்திவைத்தது யார்? அம்மா இல்லாமல் எனக்கு இங்கே சந்தோசம் இல்லை. அதையும் சொல்லுங்கள்.

கௌசலா

திருகோணமலை
30.03.2007

என் கௌசலா,

சாம்பல்தீவுக்குப் போய் வாசித்தேன். மாமி மூக்கைச் சிந்திவிட்டு, "இந்த அணுவை முதலே எழுதியிருக்கலாம்தானே? அங்க தேங்காய் கிடைக்குமோ?" என்றா. உடனே பையுடன் புறப்பட்டுவிட்டா.

வரும் வழியில் சோதனைச்சாவடி. பைக்குள் இருந்த தேங்காய்த் திருவலையின் பல்லை ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாமி பயப்படவே இல்லை. "தம்பி, தேங்காய்!" என்று கையைச் சுழற்றிக் காட்டினா. அவனும் சிரித்துவிட்டான்.

விசா இரண்டும் நேற்று வந்துவிட்டன. சித்திரை வருசத்துக்கு அங்கே நிற்போம். திருவலையும் வருகிறது. நான் திருவுகிறேன், நீ பிழி.

உன்
சிவகுருநாதன்

பி.கு.: மூன்றாவது அணு இப்போதே சப்பாத்துப் போட்டு நடந்து பழகுகிறது.