கத்தரிக்கோல் என் பையில இருக்கு

அம்மா,

கம்ப்யூட்டர்ல கை வைக்காதே. "என் தையல் மெஷின் கத்தினா நாலு சொட்டு எண்ணெய் விட்டு அடக்குறேன், உன் கம்ப்யூட்டர் காத்தாடிக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"ன்னு நேத்து கேட்டியே. ஆமா, கொம்புதான். கடகடன்னு கத்துற அந்தக் காத்தாடி கம்ப்யூட்டரோட கரண்ட் பெட்டிக்குள்ள இருக்கு. ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், தொட்டா தூக்கி அடிக்கும். நான் வந்தப்போ நீ ஈரக் கையோட அதைத் திருகிட்டிருந்தே. எனக்கு உயிரே போயிடுச்சு, அதான் கத்தினேன்.

"பட்டதாரி மெஷினை நான் தொட்டா தேஞ்சிடுமோ?"ன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே. அந்தச் சனியன் கெட்டா கெட்டுப் போகட்டும். எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ரிப்பேர்காரர் சாயங்காலம் வந்து பெட்டியையே மாத்திடுவார்.

ஸ்க்ரூடிரைவரைத் தேடாதே, நான் எடுத்துட்டுப் போறேன். உன் கத்தரிக்கோலையும்தான். அதோட நுனியை வெச்சுத் திருகுற ஆள்தானே நீ! இன்னைக்கு வெட்டுற வேலை நின்னா நிக்கட்டும், வந்ததும் திட்டிக்கோ.

மத்தியானம் ஃபோன் பண்ணுவேன். பேச வேண்டாம். எடுத்து ஒரு "ம்" மட்டும் சொல்லிட்டு வெச்சிடு.