சாய்ந்த எழுத்தில் உங்கள் பெயர்

ஐப்பசி 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். முறுக்கு மாவு காயவில்லை.

பேரன் சரவணனுக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. சின்னப் பேத்தி மீனா நர்சிங்கில் வகுப்பிலேயே முதல். பெரியவள் வினோ புனேயில் இன்ஜினியர், இப்போது அம்மாவும் ஆகிவிட்டாள். பெண் குழந்தை, ஒன்பது நாள். தலைப்பிரசவம், மதுராந்தகத்தில் இந்த வீட்டில் பார்த்திருக்க வேண்டியது. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்ல, மகனும் மருமகளும் அங்கே போய்விட்டார்கள். கொள்ளுப்பேத்தி முகத்தை நான் மட்டும் பார்க்கவில்லை. என்னுடையது பட்டன் போன்.

அதனால் வினோ வாங்கி அனுப்பிய போட்டோ பெட்டி இன்று வந்தது. அங்கிருந்து அவள் போட்டால் இங்கே தெரியுமாம். சிம் உள்ளேயே. கூடவே தமிழில் ஒரு புத்தகம், சில வார்த்தை தடியாக, சில சாய்வாக. முதல் இரண்டு பக்கம் வெறும் முன்னுரை, தள்ளிவிட்டேன். ‘உங்கள் பெயர் என்று எழுதி சரி அழுத்தவும்.’ உங்கள் பெயர் என்று எழுதினேன். ஐந்தாவது படித்தவள். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

ஐப்பசி 10, செவ்வாய்
மழை விட்டது. வினோ போன்.

“ஆயா, உன் பேரைத் தேடினா வரல. பொட்டியில இன்னா பேரு போட்டுக்கீற?”

“உங்கள் பெயர்.”

“என் பேரை எதுக்குப் போட்ட?”

“உன் பேரு இல்லடி. உங்கள் பெயர்!”

“அதான் கேக்கறேன், என் பேரை எதுக்கு...”

பின்னால் குழந்தை அழுதது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. “சிரிக்க வெக்காத ஆயா, தையல் இழுக்குது” என்றாள். அந்தப் பெயருக்கே போட்டுவிடுகிறேன் என்றாள்.

சாயங்காலம் பெட்டி மினுக்கியது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால், பள்ளிக்கூட யூனிபார்ம், முன்பல் இரண்டு இல்லை, கையில் பரிசுக் கோப்பை. பத்து நாள் குழந்தைக்கு ரெட்டைப் பின்னலா?

ஐப்பசி 11, புதன்
பெட்டிக்காரர்களின் உதவி நம்பர். அரை மணி பாட்டு. பிறகு ஒரு பெண், பொறுமைக்காரி.

“உங்க பேர் சொல்லுங்கம்மா.”

“அதேதாம்மா போட்டுக்கீறேன்.”

டக்டக்கென்று எதையோ தட்டிப் பார்த்தாள்.

“நிறைய பேர் அப்படியே எழுதிட்டாங்கம்மா. ஒரே பேர்ல பல பெட்டி. ஒருத்தருக்கு வர்றது இன்னொருத்தருக்குப் போயிடுது.”

இரண்டாம் பக்கம் பார்க்கச் சொன்னாள். தடித்த எழுத்து, அழுத்த வேண்டியது. சாய்ந்த எழுத்து, அப்படியே எழுதக் கூடாது, அந்த இடத்தில் உங்களுடையதை எழுத வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெண், மாப்பிள்ளை பெயர் தடியாக இருக்கும். சாய்ந்ததை யாரம்மா படிக்கிறார்கள் என்றேன். “நானும் படிக்க மாட்டேம்மா” என்றாள்.

“எங்க கொளந்த போட்டோ யாருகிட்ட கீது?”

“தெரியலம்மா. பேரை மாத்துங்க, புதுசா போடச் சொல்லுங்க. இப்ப இருக்கற படம் போயிடும்.”

ஐப்பசி 12, வியாழன்
நல்ல வெயில். மாவு காய்ந்தது. பெயர் மாற்றவில்லை. பின்னல்காரியின் இன்னொரு படம் வந்திருக்கிறது, கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. எந்த ஊரிலோ ஒருத்தி இவளுக்காகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் பெட்டியில் எங்கள் குழந்தை. கன்னத்தில் மைப்பொட்டு வைத்துத்தான் எடுத்தார்களா, தெரியவில்லை.

ஐப்பசி 13, வெள்ளி
மாற்றினேன். தனக்கோட்டி. சரி. பின்னல்காரி போய்விட்டாள். பெட்டியில் வெறும் நீலம்.

வினோ கூப்பிட்டால் மறக்காமல் சொல்ல வேண்டியது:

உங்கள் பெயருக்கு ஒரு தாள் எழுதிப் படம் பிடித்துப் போடு. தடித்த எழுத்தில். ‘பேத்தி கோப்பை வாங்கியிருக்கிறாள். படம் வழி தவறி இங்கே வந்தது. இரண்டாம் பக்கம் படிக்கவும்.’

அதற்கு முன்னால் தனக்கோட்டிக்கு ஒன்று. குழந்தை கண் திறந்திருக்கும்போது எடுத்துப் போடு.