அத்தை கட்டித் தந்த வேர்

சப்போரோ,
ஜப்பான்.

அன்பு மச்சானுக்கு,

இங்கே பனி கொட்டினாலும் ஆண்டவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். அங்கே குருவிட்டப் பக்கம் விடாத மழை என்கிறார்கள். நம் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் மண் இறங்கவில்லையே? அத்தையின் இருமலும் நம் மகள் சரோனின் சளியும் எப்படி இருக்கின்றன?

போனில் சொன்னால் அத்தைக்குக் கேட்டுவிடும், அதனால் எழுதுகிறேன். உடம்பு வலிக்கு என்று அத்தை என் பெட்டியில் வைத்த சப்சந்தக் கொடியின் வேரை, போன வாரம் யுனிவர்சிட்டி லேபில் விளையாட்டாகப் பிரித்துப் பார்த்தேன். வேரின் சாற்றைப் பொடி அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றினால், உள்ளே இருப்பவை நிறம் நிறமாகத் தனித்தனியே இறங்கும். ஒன்று மஞ்சளாக இறங்கியது. அது கிட்னியைக் கெடுக்கும் அமிலம். திரும்பவும் சோதித்து உறுதி செய்துவிட்டேன்.

கிட்னி போய்த்தான் உங்கள் அப்பா இறந்தார். இந்த வேர்தான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முதுகுவலிக்கு மாமா வருஷக்கணக்கில் இதைத்தான் குடித்தார்.

நீங்களோ சரோனோ அத்தையோ இனி ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. கொடி இருக்கும் பக்கம் புல்லுக்கு மருந்து அடித்துவிட்டார்கள் என்று அத்தையிடம் சொல்லி, அதைப் பிடுங்கிப் போடுங்கள்.

பார்சல் அனுப்பினால் கித்துல் கருப்பட்டி வையுங்கள். பாலில்லாத பிளேன்டி இங்கே தனியாக இறங்கமாட்டேன் என்கிறது.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். “நான் மருந்து காய்ச்சிக் குடுத்ததாலதான் அவரு இம்புட்டு நாளாச்சும் இருந்தாரு” என்று அத்தை சொல்வார்களே, அப்போது எப்போதும் போல “ஆமாம்மா” என்று சொல்லுங்கள்.

உங்கள்
மேர்சி