வைட்டமின் டப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

பையன் பட்டாளத்துல சேர்ந்துட்டான்னு இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லி முடிச்சிருப்பீங்க.

மனச்சோர்வு மாத்திரையை வைட்டமின் டப்பாவுல மாத்திப் போட்டது உங்க யோசனை. எந்த மருந்தும் சாப்பிடறதில்லைன்னு மெடிக்கல் டெஸ்ட்ல அடிச்சுச் சொல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. சொன்னேன், எடுத்துக்கிட்டாங்க. ஆனா இங்க சோப்புலேர்ந்து சாக்ஸ் வரைக்கும் எல்லாமே பொதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு. பக்கத்துக் கட்டில்காரன் சளி பிடிச்சிருக்குன்னு என் டப்பாவைத் திறந்து ஒண்ணை வாயில போட்டுக்கிட்டான். இன்னொருத்தனும் கையை நீட்டினான். நான் பாய்ஞ்சு பிடுங்கினதுல மாத்திரையெல்லாம் சிதறி, சரியா எங்க டிரில் மாஸ்டர் பூட்ஸ் முன்னாடி போய் விழுந்துச்சு.

தினமும் எங்களை அழுமூஞ்சிகளான்னு கூப்பிடற மனுஷன். ஒரு மாத்திரையைக் குனிஞ்சு எடுத்து உத்துப் பார்த்தார். டப்பாவோட தன் ரூமுக்கு வரச் சொன்னார். மூட்டை கட்ட வேண்டியதுதான்னு நினைச்சேன்.

கதவைச் சாத்திட்டு, "டப்பாவை மாத்தினது யார் யோசனை?"ன்னார்.

"அப்பா, சார்."

அலமாரியில துணிக்கு அடியிலிருந்து ஒரு காலி வைட்டமின் டப்பாவை எடுத்து மேஜையில வச்சார்.

"எனக்கும் எங்கப்பாதான். தீர்ந்துபோச்சு. கொஞ்சம் தர்றியா?"

கொடுத்தேன். ஒண்ணொண்ணா எண்ணித் தன் டப்பாவுல போட்டுக்கிட்டார். மறுநாள் மைதானத்துல வழக்கத்தைவிடச் சத்தமா அழுமூஞ்சின்னு திட்டினார்.

டாக்டர் சீட்டைக் கிழிச்ச மாதிரி இதையும் கிழிச்சுப் போட்டுடுங்க. அடுத்த பார்சல்ல ரெண்டு டப்பா வைங்க. அவங்கப்பா செத்துப்போயிட்டாராம், அனுப்ப ஆளில்லை.

உங்க மானத்தைக் காப்பாத்தற
மகன்